தொண்டியில் ஐஸ் இல்லை: எண்பது கப் புட்டிங்கும் 331 கிலோமீட்டரும்

டம்ளர் எங்கே மச்சான்? எண்பது டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாயே, அதில் ஒன்றிலாவது ஒரு சொட்டு ஊற்றினாயா? "அத்தான், அக்கா செய்யுத புட்டிங்கு இங்கன வந்து சேருதப்போ பாயாசமாத்தான் இருக்கும். கரண்டி எதுக்கு, டம்ளர் போதும்" என்று சிரித்தது நீதானே? இப்போது வாட்ஸ்அப்பில் வந்து, "அன்னைக்கு ஏதோ வெயில் கம்மி, அதான் தப்பிச்சிட்டிய" என்கிறாய். வெயில் கம்மியா? மே மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலை, உப்பூருக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். என் வழுக்கையில் தோசை ஊற்றியிருக்கலாம். இந்தா, ஊரறிய எழுதுகிறேன். படித்துவிட்டுப் பேசு.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். குளிர்ந்த இனிப்பைக் காரில் தூர ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இடையிடையே மச்சானுக்கும் கொஞ்சம் விழும்.

முதலில் என்னைப் பற்றி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாற்பது வருடம் மீனுக்கும் இறாலுக்கும் ஐஸ் அடித்தேன். நான் வாயால் சொல்லச் சொல்ல என் மனைவி ரெஜினா மடிக்கணினியில் தட்டுகிறாள். நான் பேசுகிறபடி தட்டாமல் புத்தகத் தமிழுக்கு மாற்றிவிடுகிறாள். எனவே இதில் இலக்கணம் சரியாக இருந்தால் அது அவள். பொய் இருந்தால் அது நான்.

(பொய் நிறைய இருக்கிறது. — ரெஜினா)

இரண்டு வருடமாக ரெஜினா வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து மாம்பழப் புட்டிங் செய்கிறாள். பால், கிரீம், மாம்பழக் கூழ், ஜெலட்டின். கண்ணாடிக் கதவு வைத்த பழைய பிரிட்ஜ் ஒன்றையும் இதற்காகவே வாங்கினாள். ஆனால் ஆர்டர் எல்லாம் ஊருக்குள்ளேதான். பக்கத்திலிருக்கும் மாப்பிள்ளையூரணியைத் தாண்டி ஒரு கப் போனதில்லை. தூரத்துக்காரர்கள் கேட்பார்கள், பிறகு "வழியில உருகிருமே" என்று அவர்களே பின்வாங்கிவிடுவார்கள்.

இந்த நிலையில்தான் நாகப்பட்டினத்தில் இருக்கும் அவளுடைய தம்பி, அதாவது மேற்படி மச்சான், தன் பேத்தி கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குக் கூப்பிட்டான். ரெஜினா உடனே, "எண்பது கப் நான் கொண்டு வாரேன்" என்றாள். அவன் டம்ளர் கதையைச் சொன்னான். அதோடு விடவில்லை. "எதுக்கும் பேக்கரில ஐஸ்கிரீமும் சொல்லி வைக்கேன்" என்றான். அன்று போனை வைத்துவிட்டு ரெஜினா என்னிடம் சொன்னது இதுதான்: "எங்க வீட்டு ஆளுவ அத்தன பேரும் வருவாவ. அவ்வளவு பேர் முன்னால இது தண்ணியாப் போச்சுன்னா பிரிட்ஜ வித்துருவேன். இனி சீனி டப்பாவத் தொட மாட்டேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொல்வது இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

முந்தின நாளே போய்விடலாம் என்றால், அங்கே பிரிட்ஜ் முழுக்கக் கறியும் தயிரும். எண்பது கப்புக்கு இடம் இல்லை. ஆகவே ஞாயிறு அதிகாலையில் கிளம்பி, பதினோரு மணிப் பூசைக்குள் போய்ச் சேருவது என்று திட்டம்.

பெட்டி விஷயத்திலேயே சண்டை. நான் ஓசியில் கிடைத்த இரண்டு இறால் பெட்டியைத் தோளில் தூக்கி வந்தேன். நல்ல தடித்த தெர்மாகோல். ரெஜினா ஒரு தடவை மூக்கை வைத்தாள். "ஏங்க, இது புட்டிங்கா, இறால் ஊறுகாயா?" என்று கேட்டு இரண்டையும் வாசலுக்குத் தள்ளினாள். புதுப் பெட்டி இரண்டு, ஒன்று 380 ரூபாய், வாங்கினோம். வாசலுக்குப் போன பெட்டியில் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் கார் டிக்கியில் போட்டுவிட்டேன். எதற்கு என்றால் எனக்கே தெரியாது. பெட்டி இல்லாமல் எங்கும் போய்ப் பழக்கம் இல்லை.

மீன்காரன் சொல்லும் முதல் பாடத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ் போடுவதற்கு முன்பு பெட்டியைக் குளிரவிட வேண்டும். வீட்டுச் சூட்டில் கிடந்த பெட்டியில் ஐஸை வைத்தால், அது முதலில் பெட்டியைத்தான் குளிர வைக்கும், உங்கள் சாமானை அல்ல. நாங்கள் சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு பெட்டியிலும் ஐஸ் கட்டி போட்டு மூடிவைத்தோம். மூடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணியால் அடைத்தேன். மீன் வயிற்றில் குத்திக் குளிர் பார்க்கும் ஊசி ஒன்று என்னிடம் உண்டு. அந்த ஓட்டை வழியாக அதை விட்டால் மூடியைத் திறக்காமலே எத்தனை டிகிரி என்று தெரியும். அந்த ஊசியை ரெஜினா மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகும் கப்பின் மேல் படக்கூடாது என்று உத்தரவு.

காலை நான்கு மணிக்குப் பெட்டி கட்டினோம். பெட்டிக்கு நாற்பத்திரண்டு கப், மொத்தம் எண்பத்து நாலு. நாலு உபரி. முதல் பெட்டியில், ஃப்ரீசரில் இரண்டு நாள் உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பதினாலு. ஃப்ரீசரில் அவ்வளவுக்குத்தான் இடம். அதனால் இரண்டாவது பெட்டிக்கு என் வழி: உடைத்த ஐஸ் பன்னிரண்டு கிலோ, கனத்த பாலிதீன் பையில் பாதிப் பாதியாகக் கட்டியது.

ரெஜினா சேலை மாற்றப் போனாள். அந்த நேரத்தில்தான் என் கை சும்மா இருக்கவில்லை. தூரத்துக்குப் போகிற சரக்கு என்றால் ஐஸில் உப்பு போடுவது எங்கள் வழக்கம். உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு கடுமையாகக் குளிரும். தூத்துக்குடிக்காரன் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? பைக்கு நாலு கை கல்லுப்பு அள்ளிப் போட்டுக் குலுக்கிக் கட்டிவிட்டேன். மனதுக்குள் ஒரே பெருமை.

ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். வண்டியும் ஓட்டுநரும் மாப்பிள்ளையூரணி செல்வம். நாற்பது வயது, சொந்த வண்டி, ஏழு பேர் உட்காரலாம். போக வர கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500. புதுசாக சீட்டு உறை போட்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு சொட்டுத் தண்ணி கீழ சிந்திச்சுன்னா இறக்கி விட்டுருவேன் பாத்துக்கிடுங்க."

"சிந்தினா நக்கிருதேன்பா, வண்டிய எடு."

பெட்டிகளை டிக்கியில் வைக்கவில்லை. டிக்கிக்கு ஏசி காற்று போகாது. நடு சீட்டை மடக்கி அங்கே வைத்து, மேலே போர்வை போட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்தோம். எனக்கும் ரெஜினாவுக்கும் குளிரில் பல் தந்தியடித்தது. தருவைகுளம், வேம்பார், சாயல்குடி என்று சாலை கடலை விட்டும் ஒட்டியும் போகிறது. காலையில் போனால் கண்ணுக்கு நல்ல வழி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எல்லாம் கரையோரம் வரிசை கட்டி நின்றன. நாட்டுப்படகுதான் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தது.

ஏழு ஐந்துக்குக் கீழக்கரை. 106 கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாக இருந்தது. செல்வமும் ரெஜினாவும் டீ குடிக்க, நான் ஊசியைக் குத்தினேன். முதல் பெட்டி நான்கு டிகிரி. பிரமாதம். இரண்டாவது பெட்டியில் முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய் மூன்றில் நின்றது. ஊசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு, கிளம்புவோம்" என்றேன்.

ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். டீயைக் கீழே வைத்தாள். வந்து மூடியைத் திறந்தாள். பையை ஒட்டிய மூன்று கப் கல்லாக இருந்தது. அதற்கு அடுத்த வரிசையில் ஓரத்தில் வெள்ளையாக ஐஸ் பொடி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"உப்புப் போட்டியளா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நாலு கை."

"இது என்ன சீலா மீனா? உறைஞ்சு இளகிச்சுன்னா தண்ணி தனியா, சக்க தனியா நிக்கும். என் மானத்தையும் சேத்து உப்புக்கண்டம் போட்டுட்டியளே!"

நாற்பது வருட வேலைக்காரனுக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். மீன் உறைந்தால் லாபம். புட்டிங் உறைந்தால் நாசம். இரண்டுக்கும் ஐஸ்தான், ஆனால் வேலை வேறு.

உறைந்த மூன்று கப்பையும் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டு முடித்தோம். செல்வம், "அக்கா, இது குல்பிலா! இப்படியே விக்கலாமே" என்றான். ரெஜினா பார்த்த பார்வையில் கடைசி வாயை மெல்லாமல் விழுங்கினான். பிறகு உப்புப் பை இரண்டையும் வெளியே எடுத்து, முதல் பெட்டியிலிருந்த பதினாலு பாட்டிலைப் பெட்டிக்கு ஏழாகப் பிரித்தோம். உப்பு ஐஸை ரெஜினா சாக்கடையில் கொட்டப் போனாள்.

"கெடக்கட்டும்ளா. ஐஸக் கொட்டுதது எங்க தொழில்ல கிடையாது" என்று சொல்லி, டிக்கியில் ஒளித்திருந்த இறால் பெட்டியை எடுத்து அதற்குள் வைத்து மூடினேன்.

"இத எப்போ ஏத்துனிய?"

நான் டிக்கியை மூடிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். ராமநாதபுரம் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

எட்டு இருபதுக்கு, உப்பூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்சக்கரம் படார் என்று போனது. இறங்கிப் பார்த்தால் ஸ்டெப்னியில் காற்று இல்லை. சீட்டு உறையைத் தடவித் தடவிப் பார்க்கிற செல்வம் ஸ்டெப்னியைப் பார்த்து வருஷம் இருக்கும். நான் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். ரெஜினா, "நாலு கை உப்பு" என்று மட்டும் சொன்னாள். ஸ்டெப்னியை இறக்க ஒரு கை கொடுத்தேன். செல்வம் எதிரே வந்த ஒரு மினி லாரியை மறித்து, ஸ்டெப்னியோடு ஏறிப் போனான்.

இன்ஜினை அணைத்ததும் கார் அடுப்பாகிவிட்டது. பெட்டிகளை இறக்கி ஒரு கருவேல மரத்தடியில் வைத்தோம். கருவேல நிழல் எப்படி இருக்கும் என்று தெரியும், சல்லடை பிடித்த மாதிரி. கையில் இருந்த ஒரே குடையை ரெஜினா பெட்டிக்குப் பிடித்தாள். நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம். கை வலித்தால் மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஒன்பது மணிக்கு ஊசி எட்டு காட்டியது. ஒன்பதரைக்குப் பத்து. ஒன்பது ஐம்பதுக்குச் செல்வம் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி பதினொன்று, இன்னொன்று பன்னிரண்டு. பாட்டில்களில் பாதி வெறும் தண்ணீர்.

ரெஜினா ஒரு கப்பை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். நடு அசைந்தது. "இன்னும் மூணு மணி நேரம் தாங்காது" என்றாள். அழுதுவிட்டாள். அறுபது வயதுக்காரி ரோட்டோரத்தில் அழுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"ஏளா, தொண்டி இந்தா இருக்கு. கடக்கரை ஊர்ல ஐஸ் இல்லாமப் போகுமா?" என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன்.

பத்தே காலுக்குத் தொண்டி. 170 கிலோமீட்டர். விசாரித்து ஒரு ஐஸ் கம்பெனி வாசலுக்குப் போனால் கேட்டில் பூட்டு. காவலாளி ஒருவர் உள்ளே பெஞ்சில் படுத்திருந்தார்.

"ஐஸா? தடைக்காலம் முடிஞ்சு வாங்க பெரியவரே. மிஷினு ஓடி ஒரு மாசமாச்சு. நாட்டுப்படகுக்காரங்க விடியறதுக்குள்ளயே வந்து எங்கெங்கயோ எடுத்துட்டுப் போயிடுவாங்க."

நாற்பது வருடம் தடைக்காலத்தில் நானே இப்படி பெஞ்சில் படுத்திருக்கிறேன். அது எப்படி மறந்தது? காலையில் வரிசையாக நின்ற விசைப்படகைப் பார்த்துக்கொண்டேதானே வந்தேன்! காரில் சாய்ந்து நின்றேன். டிக்கி முதுகில் இடித்தது.

இறால் பெட்டியைத் திறந்தேன். இரண்டு பையும் கூழாகக் கிடந்தது, ஆனால் உள்ளே இன்னும் ஐஸ். ஊசியைப் பையோடு ஒட்டிவைத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து.

"இத வச்சா திரும்பவும் உறைஞ்சு போகும்" என்றாள் ரெஜினா.

"நேரா வச்சாத்தான் உறையும். கனமாத் துணி சுத்தி வையி. குளிர் கொஞ்சங் கொஞ்சமா இறங்கும்."

அவள் பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். "துணி எங்க?" என்றாள். துண்டு கொண்டுவர மறந்திருந்தோம். போர்வை பெட்டிக்கு மேலே வேண்டும். அவள் கண் என் பையின் பக்கம் போனது. விருந்துக்குக் கட்ட எட்டு முழ வேட்டி, மடிப்புக் கலையாதது, அதற்குள் இருந்தது.

"அது புதுசுளா..."

டர்ரென்று நடுவில் கிழித்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் கிழித்து நான் பார்த்ததில்லை. காவலாளி எழுந்து வந்து குழாயைத் திறந்துவிட்டார். இறால் வாடை போகப் பைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாதி வேட்டிக்கு ஒரு பையாக நாலு மடிப்புச் சுற்றி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தாள். பாட்டில்களைக் கப்புக்கும் வேட்டிக்கும் நடுவில் நிறுத்தினாள். காலி இடத்தில் செல்வம் வண்டியில் வைத்திருந்த வாரப் பத்திரிகைகளைத் திணித்தாள். பத்து முப்பத்தைந்துக்குப் புறப்பட்டோம்.

முத்துப்பேட்டையில் பார்த்தோம். இரண்டிலும் ஏழு. செல்வம் ஹாரனை அடித்துக் கொண்டாடினான். நாகப்பட்டினம் கோவில் மண்டபத்து வாசலில் வண்டி நின்றபோது மணி ஒன்று இருபத்தைந்து. பூசை போய்விட்டது, அதில் ரெஜினாவுக்கு வருத்தம்தான். ஊசி சரியாக ஐந்தில் நின்றது. 331 கிலோமீட்டர், எட்டே கால் மணி நேரம், ஒரு பஞ்சர், ஒரு வேட்டி.

மச்சான் வாசலிலேயே நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் மோதிரம்.

"என்ன அத்தான், சாரத்தோடயா விருந்துக்கு வந்திய?"

நான் கட்டம் போட்ட சாரத்தை, அதாவது கைலியை, ஏற்றிக் கட்டிக்கொண்டேன். பதில் சொல்லவேண்டியது நான் இல்லை. ரெஜினா பெட்டியைத் திறந்து ஒரு கப்பை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

"தம்பி, இங்கன வா. குனி."

"எதுக்குக்கா?"

"குனிலே."

குனிந்தவனுடைய தலைக்கு மேலே கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். மூன்றாவது பந்திக்குக் காத்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். செல்வம் சத்தமாகவே எண்ணினான். பத்து வரை எண்ணியும் ஒன்றும் விழவில்லை. ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை. கை தட்டியவர்களில் முதல் ஆள் புதுநன்மைப் பிள்ளை. வெள்ளைக் கவுனோடு ஓடிவந்து அந்தக் கப்பைத்தான் அவள் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள்.

எண்பத்தொரு கப்பும் இருபது நிமிடத்தில் காலி. பேக்கரி ஐஸ்கிரீம் தொட்டியோடு மூலையில் இருந்தது. யாரோ போய்த் திறந்தபோது அது கஞ்சியாகிவிட்டிருந்தது. மச்சான், அதற்குத்தான் உன் டம்ளரை எடுத்துத் தந்தேன். நீ கோபித்துக்கொண்டாய்.

(அந்த ஐஸ்கிரீமை இவரே இரண்டு டம்ளர் குடித்தார். — ரெஜினா)

இனி கிளம்பப் போகிறவர்களுக்கு. ஐஸ் தண்ணீர் பாட்டிலிலேயே இருக்கட்டும், உருகினாலும் கப்புக்குள் போகாது, ஓட்டுநரோடு சண்டையும் வராது. இனிப்பை முந்தின இரவு முழுக்கக் குளிரவைத்து ஏற்றுங்கள். சூடாக ஏற்றினால் எந்த ஐஸும் காப்பாற்றாது. பெட்டிக்குள் வெறும் இடம் விடாதீர்கள். பார்க்கவேண்டும் என்று மூடியைத் திறக்காதீர்கள், ஓட்டை போட்டு ஊசி விடுங்கள். உப்பு ஐஸ் கொஞ்சம் தனியாகக் கொண்டுபோங்கள், ஆபத்துக்கு உதவும். ஆனால் நாலு மடிப்புத் துணி சுற்றாமல் பக்கத்தில் விடாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நீங்களே அமுக்கிப் பாருங்கள். தடைக்காலத்தில் கடற்கரை ஊரில் ஐஸ் கிடைக்கும் என்று என்னைப் போல் வீறாப்புப் பேசாதீர்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாற்பது வருடம் நான் குளிர வைத்ததை முகம் தெரியாத யாரோ எங்கோ சாப்பிட்டார்கள். சாப்பிடும் முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு வேட்டி போனால் போகட்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். இதை எந்தப் பேக்கரிக்காரனும் உங்களுக்குச் சொல்லமாட்டான். போய்ச் சேர்ந்த பிறகு கப்பைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதுதான்...

இந்த இடத்தில் ரெஜினாவின் போன் அடித்தது. அவள் எழுந்துவிட்டாள். இனி தட்டுவது நான், அவள் தமிழைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால். அவள் பேசுவது கேட்கிறது.

"ஆமா, ரெஜினாதான் பேசுதேன்... காரைக்காலா? விருந்துல சாப்பிட்டியளா! எத்தன கப்பு?... இருநூறா?... இல்லம்மா, தூரம்லாம் ஒண்ணும் இல்ல. ஐஸுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு."

ஏளா, நான் இன்னும் முடிக்கலை என்று கத்தினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே பிரிட்ஜ் பக்கம் போய்விட்டாள். சரி, நானே சொல்கிறேன். கப்பை எடுக்கும்போது முதலில்...

(இருநூறு கப்புக்கு ஐஸ் கணக்குப் போட ஆளை இழுத்துக்கொண்டு போகிறேன், மிச்சம் அப்புறம். — ரெஜினா)